தனி ஒருவரின் போர்க்களம்: மேசைப் போர் விளையாட்டில் திட்டமும் களமும்

மேசைப் போர் விளையாட்டு என்பது, அளவு குறைத்து அமைத்த ஒரு நிலப்பரப்பின் மேல் சிறு பொம்மைப் படைகளை அளவுகோல், பகடை, எழுதிவைத்த விதிகள் ஆகியவற்றின் துணையோடு மோதவிடும் ஆட்டம். இயல்பில் அது இருவர் ஆடுவது. எதிரே உட்கார்ந்திருப்பவர் மனத்தில் ஓடுவது இவருக்குத் தெரியாது. ஆட்டத்தின் உயிர் அந்தத் தெரியாமையில் இருக்கிறது. ஒருவரே இரு படைகளையும் நகர்த்தத் தொடங்கியதும் அது போய்விடுகிறது. காட்டுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் குதிரைப்படையை, அதை அங்கே கொண்டுபோய் வைத்தவரே மறுபக்கத்தில் நின்று தெரியாததுபோல் பார்க்க வேண்டியிருக்கிறது. சதுரங்கத்தைத் தனியாக ஆடிப் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் பெரிதில்லை; அங்கே எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரிந்தவை. போரிலோ மறைவு, தாமதம், தவறான செய்தி ஆகிய மூன்றும் சேர்ந்து பாதிப் போரை நடத்துகின்றன.

ஆகவே தனியாட்டத்தில் பெரும்பகுதி வேலை முதல் பகடை உருளுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எதிரி எங்கே நிற்கிறார், என்ன நினைக்கிறார், உதவிப்படை எப்போது வரும் என்ற கேள்விகளை ஆட்டக்காரர் தம் கையிலிருந்து எடுத்துச் சீட்டிடமும் பகடையிடமும் அட்டவணையிடமும் ஒப்படைக்கிறார். எவற்றை ஒப்படைப்பது, எவற்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வது என்பதற்கு நம்பத்தகுந்த அளவுகோல் ஒன்று உண்டு: அந்தப் போரின் உண்மையான தளபதியின் கையில் எது இல்லையோ, அது ஆட்டக்காரரின் கையிலும் இருக்கக் கூடாது. தனியாட்டத்துக்காக வகுக்கப்பட்ட உத்திகளில் நிலைத்து நிற்பவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவையே.

இந்த ஆட்டத்தின் பழைய வரலாறும் இதே இடத்தைத்தான் சுட்டுகிறது. பிரஷ்யாவில் பாரன் ஃபான் ரைஸ்விட்ஸ் 1812-இல் மன்னர் மூன்றாம் பிரெட்ரிக் வில்லியமுக்கு ஒரு போர் மேசையைச் செய்து கொடுத்தார். ஆறும் சாலையும் மேடும் பள்ளமும் பதித்த ஓடுகளை மாற்றி அடுக்கி அதில் புதுப்புதுக் களங்களை அமைக்க முடிந்தது. படை அதிகாரியான அவருடைய மகன் 1824-இல் அதை மேசையிலிருந்து வரைபடத்துக்கு மாற்றி, 1:8000 அளவில் ஆடும் விதிகளை வெளியிட்டார். பிரஷ்யத் தலைமைப் படையகத்தின் தலைவராயிருந்த ஃபான் முஃப்லிங் அதைப் பார்த்துவிட்டுப் படை முழுவதும் பயிலட்டும் என்று பரிந்துரைத்தார். அந்த ஆட்டத்தின் நடு அச்சு நடுவர். இரு தரப்பும் கட்டளைகளை எழுதி அவரிடம் கொடுக்கும். எந்தப் படை எவ்வளவு தூரம் போனது, யார் யாரைக் கண்டார்கள் என்பதை அவர் தீர்மானித்து, கண்ணில் பட்டதை மட்டும் வரைபடத்தில் வைப்பார். தனியாட்டக்காரருக்கு இல்லாமல் போவது எதிராளி என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அவருக்கு முதலில் வேண்டியவர் இந்த நடுவர். அவர் கிடைத்துவிட்டால் எதிராளியை அவரே உருவாக்கித் தந்துவிடுவார்.

எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ இந்த ஆட்டத்தைப் படைப் பள்ளிகளிலிருந்து வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. படைகளை நிறுத்தும்போது களத்தின் குறுக்கே ஒரு திரையை இழுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. மறைவின் அருமையை அவரும் உணர்ந்திருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் இந்த ஆட்டத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன். அவர் 1962-இல் ‘வார் கேம்ஸ்’ என்ற நூலையும், 1973-இல் தனியாட்டத்துக்கென்றே ‘சோலோ வார்கேமிங்’ என்ற முழு நூலையும் எழுதினார். அதே 1973-இல் டோனி பாத் தொடர்போர்களை அமைப்பது பற்றிய நூலை வெளியிட்டார். ஹைபோரியா என்ற கற்பனைக் கண்டத்தில் அவர் ஆண்டுக்கணக்கில் நடத்திய தொடர்போரில், அரசர்களும் தளபதிகளும் எத்தகைய குணமுடையவர்கள் என்பதைச் சீட்டுக்கட்டு முடிவு செய்தது. பேராசைக்காரர், விசுவாசி, சோம்பேறி, துணிச்சல்காரர் என்று சீட்டு சொன்னபடியே அவர்கள் பின்னாளில் நடந்துகொண்டார்கள். ஒரு மனிதரின் குணத்தை முன்கூட்டித் தீர்மானித்துவிட்டால் அவருடைய முடிவுகளை ஓரளவு இயந்திரமாகவே வருவிக்கலாம் என்பது தனியாட்டத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று.

ஒரு போரை அமைக்கத் தொடங்கும்போது முதலில் எழவேண்டிய கேள்வி, இந்த இரு படைகளும் ஏன் இந்த இடத்தில் மோதுகின்றன என்பது. சம பலமுள்ள இரு படைகளை எதிரெதிரே நிறுத்தி ஒன்று மற்றொன்றை அழிக்கட்டும் என்று விடுவது இருவர் ஆட்டத்துக்கே சலிப்பூட்டும். தனியாட்டத்தில் அது பகடை உருட்டும் வேலையாகச் சுருங்கிவிடும். பின்வாங்கும் படையின் கடைசிப் பகுதி ஒரு பாலத்தைச் சில மணி நேரம் காக்க வேண்டும், ஒரு வண்டித் தொடர் களத்தைக் கடந்தாக வேண்டும், முற்றுகையிடப்பட்ட கோட்டைக்கு உணவு போய்ச் சேர வேண்டும் என்று நோக்கம் வரையறுக்கப்பட்டால், இரு தரப்புக்கும் தனித்தனி அவசரமும் தனித்தனி அச்சமும் வந்துவிடுகின்றன. சி. எஸ். கிராண்ட் 1981-இல் தொகுத்த சூழல் நூல் இந்த வகையில் இன்றும் அள்ளி எடுக்கத்தக்க களஞ்சியம். அதன் 52 போர்ச் சூழல்களில் பலவற்றில் இரு படைகளும் வேண்டுமென்றே சமமின்றி வைக்கப்பட்டிருக்கின்றன. நீல் தாமஸ் 2014-இல் வெளியிட்ட ‘ஒன்-அவர் வார்கேம்ஸ்’ எளிமையை விரும்புவோருக்கு உரியது. 3 அடிக்கு 3 அடி மேசை, தரப்புக்கு ஆறு படைப்பிரிவு, 30 சூழல்கள் என்று அது அமைகிறது. அதில் படையின் சேர்க்கையையே ஒரு பகடை தேர்ந்தெடுக்கலாம். எத்தனை குதிரைப்படை கிடைக்கும், எத்தனை பீரங்கி கிடைக்கும் என்பது ஆட்டக்காரருக்கே முன்கூட்டித் தெரியாது.

அடுத்து, ஆட்டக்காரர் எந்தத் தரப்பில் நிற்பது என்ற முடிவு. இரு தரப்பையும் நடுநிலையாக நடத்துவது ஒரு வழி. போர் எப்படி நகர்கிறது என்பதை ஆராயும் நோக்கமுள்ளவர்களுக்கு அது ஏற்றது. வெல்லவும் தோற்கவும் விரும்புகிறவர்களோ ஒரு தரப்பை எடுத்துக்கொண்டு மற்றதை விதிகளிடம் விட்டுவிட வேண்டும். அப்போது குறைவான முடிவுகள் எடுக்க வேண்டிய தரப்பை, அதாவது பெரும்பாலும் காத்து நிற்கும் தரப்பை, விதிகளிடம் விடுவதே நல்லது. தாக்கும் படைக்கு எங்கே, எப்போது, எவ்வளவு பலத்தோடு என்று அடுக்கடுக்காக முடிவுகள் தேவை. அவற்றையெல்லாம் அட்டவணையாக்கினால் ஆட்டம் அட்டவணைக்குள் மூழ்கிவிடும். காத்து நிற்கும் படை பெரும்பாலும் மூன்றே கேள்விகளுக்கு விடை சொன்னால் போதும்: எங்கே நிற்கிறது, எப்போது சேமப்படையை அனுப்புகிறது, எப்போது பின்வாங்குகிறது.

நிலத்தையும் பகடையால் அமைக்கலாம். மேசையை ஆறு அல்லது ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குன்றா, காடா, ஊரா, வெற்றுவெளியா என்று உருட்டிப் பார்ப்பது வழக்கமான முறை. அப்படி வந்ததை அப்படியே வைத்துவிடக் கூடாது. ஆறு ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிய வேண்டும். சாலை ஊரையும் ஆற்றின் துறையையும் இணைக்க வேண்டும். குன்றுகள் ஒரே திசையில் ஓடும் தொடராக இருந்தால்தான் நிலம் நிலம்போல் இருக்கும். இராணுவ வரைபடமோ உண்மையான நிலவரைபடமோ கிடைத்தால் அதுவே மேல். மனிதர் கற்பனையில் அமைக்கும் களங்கள் இரு பக்கமும் ஒத்துப்போகும் அழகோடு வந்துவிடுகின்றன. உண்மை நிலம் யாருக்கும் நியாயமாக இருப்பதில்லை. தளபதிகள் திணறிய சங்கடங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தன. மேசையில் வைக்கும் ஒவ்வொரு மேடும் வேலியும் யாராவது ஒருவரை ஒரு முடிவுக்குத் தள்ள வேண்டும். தள்ளாதது வெறும் அலங்காரம்.

திட்டமிடலின் மிக நுட்பமான பகுதி எதிரியின் மனம். தொடக்கநிலைத் தனியாட்டக்காரர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பகடை உருட்டி, 1 வந்தால் பின்வாங்கும், 6 வந்தால் பாய்ந்து தாக்கும் என்று எழுதிவைப்பதுண்டு. இதில் வருவது எதிரியல்ல, குழப்பம். ஒரு பிரிவு முன்னேறும்போது பக்கத்துப் பிரிவு காரணமின்றிப் பின்வாங்கும். தற்செயலுக்கு நோக்கம் கிடையாது. நோக்கமில்லாத எதிரியை வெல்வதில் ஆட்டக்காரருக்கு எந்தச் சுவையும் இல்லை. ஆகவே தற்செயல் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுத்தபின் படை முழுவதும் அந்தத் திட்டத்தின்படி நடக்கட்டும். நிலத்தைப் பார்த்து, அறிவுள்ள ஒரு தளபதி இங்கே செய்யக்கூடியவை எவை என்று மூன்று நான்கு வழிகளை எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றில் மிகப் பொருத்தமானதற்கு 1 முதல் 3 வரை, அடுத்ததற்கு 4, 5, யாரும் எதிர்பாராததற்கு 6 என்று எண்களைப் பங்கிடலாம். அப்போது எதிரி பாதி நேரம் அறிவோடு நடப்பார், மூன்றில் ஒரு பங்கு வேறு வழி பார்ப்பார், ஆறில் ஒரு முறை வியப்பில் ஆழ்த்துவார். அந்த ஆறில் ஒன்று வரக்கூடும் என்ற எண்ணமே ஆட்டக்காரரை ஒரு சேமப்படையை ஒதுக்கி வைக்கச் செய்யும்.

இந்தப் பகடையை எப்போது உருட்டுவது என்பதும் முக்கியம். போர் தொடங்குவதற்கு முன்பே உருட்டினால் எதிரியின் உள்ளம் ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். திட்டங்களைச் சீட்டுகளில் எழுதிக் கவிழ்த்து, ஒன்றை உருவி, பார்க்காமல் மேசையோரத்தில் வைத்துவிடுவது நல்ல வழி. எதிரியின் படை நகர வேண்டிய கட்டாயம் வரும் அந்தக் கணத்தில் அதைத் திருப்ப வேண்டும். அதுவரை ஆட்டக்காரர் தம் படையை எல்லா வாய்ப்புகளுக்கும் ஈடுகொடுக்கும்படி நிறுத்தியாக வேண்டும். உண்மையான தளபதியும் அப்படித்தான் நின்றார்.

படைகளின் இடத்தையும் இதே வழியில் மறைக்கலாம். எதிரியின் பக்கத்தில் ஒன்பது சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஐந்தில் மட்டும் படைப்பிரிவின் பெயர் எழுதியிருக்கட்டும்; நான்கு வெற்றுச் சீட்டு. குறிப்பிட்ட தூரத்துக்குள் தம் வேவுப்படை வந்தால்தான் சீட்டைத் திருப்பலாம். வெற்றுச் சீட்டை நோக்கி அரைமணி நேரம் பீரங்கிகளை நகர்த்திய ஏமாற்றமும், வெற்றிடம் என்று நம்பிய தோப்பிலிருந்து காலாட்படை வரிசை எழும் அதிர்ச்சியும் எதிராளி இல்லாமலேயே கிடைக்கின்றன. வேவுப்படைக்கு உண்மையான வேலையும் கிடைக்கிறது. இருவர் ஆட்டங்களில் பல இலகு குதிரைப்படையைக் கிட்டத்தட்ட வீணாக்கிவிடுவதைப் பார்க்கும்போது, இந்த ஒரு விஷயத்தில் தனியாட்டம் முந்திவிடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

உதவிப்படை எப்போது வரும் என்பதில் கொஞ்சம் கணக்கு தேவைப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை உருட்டி 6 வந்தால் வரும் என்று வைத்தால் சராசரியாக ஆறு சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஆறு சுற்று முடிந்தும் வராமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. பன்னிரண்டு சுற்று முடிந்தும் வராத வாய்ப்பு ஏறக்குறைய 11 சதவீதம். முற்றிலும் நம்ப முடியாத உதவிக்கு இது சரி. வந்தே தீரும், நேரம்தான் தெரியாது என்ற நிலைக்கு வேறு முறை வேண்டும். முதல் சுற்றில் 1 வந்தால், இரண்டாம் சுற்றில் 2 அல்லது அதற்குக் கீழ் வந்தால், மூன்றாவதில் 3 அல்லது அதற்குக் கீழ் வந்தால் என்று ஏற்றிக்கொண்டே போனால் ஆறாம் சுற்றுக்குள் படை வந்தே ஆக வேண்டும். மூன்றாம் சுற்றுக்குள் வந்துவிடும் வாய்ப்பு 72 சதவீதம். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையை வருகைச் சுற்றாக வைப்பது மூன்றாவது முறை. 5 முதல் 9 வரையான எண்கள் மூன்றில் இரண்டு பங்கு நேரம் விழும். 2-உம் 12-உம் தலா 36-க்கு ஒரு முறை மட்டும். நேரம் குறித்துக் கிளம்பிய, ஆனால் சாலையில் எதுவும் நடக்கக்கூடிய படைக்கு இந்த வடிவம் மிகப் பொருந்தும்.

இவை அனைத்தும் ஓர் உண்மைப் போரில் எப்படிக் கூடிவருகின்றன என்பதற்கு 1803 செப்டம்பர் 23-இல் நடந்த அசாய் போர் நல்ல எடுத்துக்காட்டு. இடம் தக்காணத்தில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா பகுதி. ஒரு பக்கம் பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு ஆனவர். நேரடியாகப் போரிட அவரிடம் இருந்தது சுமார் 4,500 பேர். 74, 78 ஆகிய இரு ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டுகளும் 19-ஆம் இலகு குதிரைப்படையும் பிரிட்டிஷ் துருப்புகள். சிப்பாய்க் காலாட்படைப் பட்டாளங்கள் ஐந்தும் இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட்டுகள் மூன்றும் மதராஸ் மாகாணப் படையைச் சேர்ந்தவை. எதிரே மராத்தியத் தலைவர்களான சிந்தியாவும் நாக்பூரின் போன்ஸ்லேயும் சேர்த்த பெரும்படை. ஐரோப்பிய முறையில் பயிற்றப்பட்ட காலாட்படையே 10,000-க்கு மேல், பீரங்கிகள் 100-ஐத் தாண்டியவை, கூடவே பல்லாயிரம் குதிரைவீரர்கள். பயிற்சி பெற்ற பிரிகேடுகளுக்குக் களத்தில் தலைமை தாங்கியவர் ஹனோவரைச் சேர்ந்த பால்மன்.

மராத்தியப் படை கைட்னா, ஜுவா என்ற இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நாக்குப்போன்ற நிலத்தில், கைட்னாவை முன்னால் வைத்துத் தெற்கு நோக்கி நின்றது. மற்றொரு பிரிட்டிஷ் படையை நடத்திவந்த கர்னல் ஸ்டீவன்சனோடு சேர்ந்து 24-ஆம் தேதி தாக்குவது வெல்லெஸ்லியின் முதல் ஏற்பாடு. எதிரி நினைத்ததைவிட அருகில் இருப்பதும் நகரப்போவதாக வந்த செய்தியும் அவரைக் காத்திராமல் தாக்கத் தூண்டின. கிழக்கே ஆற்றைக் கடக்கத் துறை இல்லை என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே பீப்பல்காவ், வாரூர் என்று இரண்டு ஊர்கள் இருப்பதைப் பார்த்த வெல்லெஸ்லி, இவ்வளவு அருகில் இரண்டு ஊர்கள் இருந்தால் நடுவே கடக்கும் துறை இல்லாமல் இராது என்று ஊகித்தார். ஊகம் சரியாயிற்று. அவர் கடந்து வந்து பக்கவாட்டில் தாக்கப்போவதை உணர்ந்த பால்மன், தம் வரிசை முழுவதையும் செங்குத்தாகத் திருப்பிக் கிழக்கு நோக்கி நிறுத்தினார். வலக்கோடி கைட்னாவையும் இடக்கோடி அசாய் கிராமத்தையும் தொட்டது. பயிற்சி இல்லாத படை இதைச் செய்திருக்க முடியாது. வெல்லெஸ்லியும் இதை எதிர்பார்க்கவில்லை.

மேசைக்கு இதைக் கொண்டுவரும்போது முதலில் அளவு. 120 செ.மீ. நீளத்தில் 3.2 கி.மீ. களத்தை அடக்கினால் 1 செ.மீ. சுமார் 27 மீட்டர். இரண்டு வரிசையாக நிற்கும் 500 பேர் கொண்ட பட்டாளத்துக்கு, ஆளுக்கு 55 செ.மீ. வீதம், ஏறக்குறைய 137 மீட்டர் முகப்பு வேண்டும். மேசையில் அது 5 செ.மீ. மஸ்கட் துப்பாக்கியின் பயனுள்ள வீச்சான 90 மீட்டர் 3.5 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் பீரங்கியின் ஆதிக்கம் கண்ணுக்குப் புலப்படும். சிதறு குண்டு 300 மீட்டர், அதாவது 11 செ.மீ., வரை கொல்லும். அந்த இடைவெளியை மஸ்கட்டால் பதில் சொல்ல முடியாமலே காலாட்படை கடந்தாக வேண்டும். வெல்லெஸ்லியின் வரிசை எவ்வளவு கொடிய வெளியில் நடந்தது என்பது எந்த வருணனையையும்விட இந்த 11 செ.மீ.யில் தெளிவாகிறது.

ஆட்டக்காரர் வெல்லெஸ்லியின் இடத்தில் நிற்கட்டும். அவர் அறியாதிருந்தவற்றைப் பிரித்தெடுப்பதே இனி வேலை. முதலாவது, ஆற்றுத் துறை. ஒரு குதிரைப்பிரிவு பீப்பல்காவை எட்டும்போது பகடை உருளட்டும்: 1 முதல் 4 என்றால் பீரங்கியும் கடக்கலாம், 5 என்றால் காலாட்படையும் குதிரையும் மட்டும், 6 என்றால் துறையே இல்லை, மேற்கே எதிரியின் பீரங்கிகளுக்கு முன்னால் கடக்க வேண்டும் அல்லது ஸ்டீவன்சனுக்காகத் திரும்பிப் போக வேண்டும். இரண்டாவது, பால்மனின் மறுமொழி. வெல்லெஸ்லியின் முதல் பட்டாளம் வடகரையில் ஏறிய சுற்றிலிருந்து, மேலே சொன்ன ஏறுமுக முறையில் பகடையை உருட்டலாம். சீக்கிரம் விழுந்தால் முழு வரிசையும் திரும்பி நிற்கும். தாமதமானால் திரும்பும் நடுவிலேயே அதைப் பிடித்துவிடலாம். முழு ஆட்டத்தின் பதற்றமும் இந்த மூன்று நான்கு சுற்றுகளில் குவிகிறது. எவ்வளவு வேகமாகக் கடப்பது, ஒழுங்கைக் குலைத்துக்கொண்டு விரைவதா என்ற கேள்வி ஆட்டக்காரரை உண்மையிலேயே வாட்டும்.

மூன்றாவது, சொந்தப் படையின் தவறு. அன்று வலக்கோடியில் காவற்பிரிவுகளை நடத்திச் சென்ற கர்னல் ஆரக், குறித்த திசையை விட்டு அசாய் கிராமத்தை நோக்கி விலகிப் போனார்; பின்தொடர்ந்த 74-ஆம் ரெஜிமென்ட் கிராமத்தின் பீரங்கிகளுக்கு இரையாகிக் கிட்டத்தட்ட அழிந்தது. கர்னல் மேக்ஸ்வெல்லின் குதிரைப்படை பாய்ந்துதான் எஞ்சியவர்களை மீட்டது. தனியாட்டம் வகுப்போர் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எதிரியைப் பகடையிடம் கொடுத்தவர்கள் தம் படை மட்டும் சொன்னபடி கேட்கும் என்று எண்ணுகிறார்கள். வலக்கோடிப் பிரிவுக்கு ஒவ்வொரு கட்டளையின்போதும் 1 விழுந்தால் மிக அருகிலுள்ள பீரங்கிகளை நோக்கி விலகும் என்று எழுதினால் அசாய் போரின் உண்மை முகம் மேசைக்கு வந்துவிடும். நான்காவது, வீழ்ந்த பீரங்கிகள். வரிசை தம்மைக் கடந்துபோகும்வரை இறந்தவர்களைப்போல் கிடந்த மராத்திய பீரங்கிவீரர்கள் எழுந்து பின்புறமிருந்து சுட்டார்கள். கைப்பற்றிய ஒவ்வொரு பீரங்கித் தொகுதிக்கும், அருகில் காவல் நிறுத்தாவிட்டால், அடுத்த சுற்றில் 5 அல்லது 6 விழுந்தால் அது உயிர்பெறும் என்று வைக்கலாம். ஐந்தாவது, எதிரியின் பெருங்குதிரைப்படை. அன்று அதன் பெரும்பகுதி போரில் தீவிரமாக இறங்கவில்லை. சீட்டுக்கட்டில் அதற்கு ஒரே ஒரு ‘பாய்ச்சல்’ சீட்டைக் கலந்து வைத்தால் போதும். அது வராமலே போகலாம். ஆனால் கடைசிவரை ஆட்டக்காரர் தம் பின்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஸ்டீவன்சனுக்கு மட்டும் பகடை தேவையில்லை. அவர் மறுநாள்தான் வந்து சேர்ந்தார்; அவரை அன்றே வரவழைத்தால் தனியாகத் தாக்கத் துணிந்த முடிவின் கனம் குறைந்துவிடும்.

இந்தப் போரைப் பற்றிப் படித்தவருக்குத் துறை இருப்பது முன்பே தெரியும் என்ற தடை உண்டு. ஊர்ப்பெயர்களையும் காலத்தையும் மாற்றி, வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகப் புரட்டி, அமைத்து முடித்தபின் சில மாதம் பெட்டியில் போட்டுவைத்து ஆடுவது பலர் கையாளும் வழி. அதைவிடப் பகடைக்கு உண்மையான மறுப்பு அதிகாரத்தைக் கொடுப்பது உறுதியானது. துறை இல்லாமல் போக ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கும்வரை, முன்னறிவு ஆட்டக்காரருக்கு ஊகமாகத்தான் பயன்படும்.

சுற்றுகளின் வரிசையும் அமைப்பின் ஒரு பகுதியே. முதலில் நான், பிறகு நீ என்று மாறிமாறி நகர்த்துவது தனியாட்டத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டிக் கணக்கிட வழிவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு சீட்டு எழுதிக் கலைத்து, வருகிற வரிசையில் இயங்கவிடலாம். கட்டில் ஒரு ‘சுற்று முடிவு’ச் சீட்டையும் சேர்த்தால், எந்தத் தளபதிக்கும் அந்தச் சுற்றில் இயங்கும் வாய்ப்பு சரிபாதியாகிறது. இது மிகக் கடுமை என்று படுபவர்கள் இரண்டு முடிவுச் சீட்டுகளைப் போட்டு, இரண்டாவது வந்தால்தான் சுற்று முடியும் என்று வைத்தால் வாய்ப்பு மூன்றில் இரண்டாக உயரும். திறமையான தளபதிக்கு இரண்டு சீட்டும் மந்தமானவருக்கு ஒன்றும் கொடுத்தால் டோனி பாத்தின் குணச்சீட்டு முறை ஒரே நாள் போருக்குள்ளும் வந்துவிடுகிறது.

திட்டம், இடம், நேரம் ஆகியவை முடிவானபின் எதிரியின் படைப்பிரிவுகளுக்குச் சில நிலையான பழக்கங்கள் போதும். சுடும் தூரத்தில் எதிரி இருந்தால் சுடும். பக்கவாட்டில் குதிரை தெரிந்தால் சதுர அணி வகுக்கும். பாதிப் பலம் இழந்தால் அருகிலுள்ள மறைவுக்குப் பின்வாங்கும். இவை ஒரு சிறிய தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஆட்டக்காரர் படைகளைப் பார்ப்பதைவிடத் தாளைப் பார்க்கும் நேரம் அதிகமாகும். இரண்டு செயல்கள் சமமாகத் தோன்றும் இடத்தில் எதிரிக்கு எது நல்லதோ அதையே செய்விப்பது என்பது தனியாட்டக்காரர்களிடையே பரவலாக உள்ள மரபு. தமக்குச் சாதகமாகத் தீர்த்துக்கொள்ளும் ஆசை மெல்ல ஊறும் என்பதால் இந்த மரபை விதியாகவே எழுதிவைப்பது நல்லது.

போர் எப்போது முடிகிறது என்பதும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். எத்தனை பிரிவுகள் இழந்தால் படை உடையும், எந்தச் சுற்றில் இருட்டும், எந்த இடம் கைமாறினால் நோக்கம் நிறைவேறும் என்பவை தாளில் இல்லாவிட்டால், தோற்கும் தரப்பின் மேல் இரக்கமோ வெல்லும் தரப்பின் மேல் சலிப்போ முடிவைத் தீர்மானித்துவிடும். அசாய் போரில் களமும் 98 பீரங்கிகளும் வெல்லெஸ்லிக்குக் கிடைத்தன. ஆனால் கொல்லப்பட்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் சேர்ந்து அவர் இழந்தவர்கள் 1,584 பேர், போரிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெற்றிக்கு இப்படி இரண்டு அளவுகோல்களை வைத்தால், களத்தைப் பிடித்தும் போர்த்தொடரைத் தோற்கும் நிலை மேசையிலும் வரும்.

தொடர்போராக ஆடுபவர்களுக்கு அந்த இரண்டாவது அளவுகோலே அடுத்த களத்தின் தொடக்கம். எஞ்சிய பிரிவுகள், காயமுற்றவர்களில் திரும்பி வந்தோர், இழந்த பீரங்கிகள், தப்பிய தளபதியின் குணச்சீட்டு ஆகியவை குறிப்பேட்டில் ஏறுகின்றன. வரைபடத்தில் இரு படைகளும் எங்கே நிற்கின்றன என்று குறித்து, அடுத்த மோதல் எந்தக் கணவாயில், எந்த ஆற்றுத் துறையில் நிகழும் என்பதை அந்த வரைபடமே சொல்லும்படி விட்டுவிட்டால், அடுத்த போர் ஏன் அங்கே நடக்கிறது என்ற முதல் கேள்விக்கு விடை தயாராக இருக்கும். மீதி, நிலத்தை அடுக்குவதும் சீட்டுகளைக் கலைத்துக் கவிழ்ப்பதும்தான்.